மயிலம்மாளின் கடல்தொட்டி

தொட்டியில் ஒரு மீன் செத்தால் மயிலம்மாளுக்கு அடி விழும். இறால் செத்தாலும் விழும். ராசு லாரியை விட்டு இறங்கியதும் முகம்கூடக் கழுவாமல் தொட்டிக்கு முன்னால் குந்தி எண்ணுவான். எண்ணிக்கை குறைந்திருந்தால் இடுப்புப் பெல்ட்டைக் கழற்றுவான்.

தொட்டி வந்தது எண்பத்திரண்டில். தூத்துக்குடியிலிருந்து நாமக்கல்லுக்கு உப்பு ஏற்றிவரும் சொந்த லாரி அவனுடையது. தூத்துக்குடியில் ஓர் ஏஜெண்டு வீட்டில் கண்ணாடிக்குள் கடலைப் பார்த்துவிட்டு வந்தவன், தானும் ஒன்று வைத்தே தீருவேன் என்றான். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் ஆங்கிள் கம்பியில் ஸ்டாண்டு அடித்துக் கொடுத்தார்கள். நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. உப்பு மூட்டைகளுக்கு மேல் பிளாஸ்டிக் டிரம்களில் கடல் தண்ணீர் வந்தது. சங்கு குளிக்கிற ஆட்கள் பாறைத்துண்டும் உயிருள்ள பவளமும் மீனும், சிவப்புக் கோடு போட்ட இறாலும் பிடித்துக் கொடுத்தார்கள். தெருவே வந்து பார்த்தது. ராசு மீசையைத் தடவிக்கொண்டு நின்றான்.

பார்த்துக்கொள்வது மயிலம்மாள். அவன் மாதத்தில் இருபது நாள் ரோட்டில் இருப்பான். மேச்சேரியில் ஆடு வளர்க்கிற வீட்டில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன் சேலத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் ஆயா. ரத்தமோ பீயோ அவளுக்குப் புதிதல்ல. கரண்டு போனால் காற்று மோட்டார் நின்றுவிடும். உட்கார்ந்து சொம்பால் தண்ணீரை மோந்து மோந்து ஊற்றுவாள். வாரம் ஒரு முறை பழைய தண்ணீரில் நாலில் ஒரு பங்கை எடுத்துவிட்டு டிரம்மிலிருந்து புதுசு விடுவாள்.

தொட்டிக்குள்ளும் சாந்தம் ஒன்றும் இல்லை. கட்டைவிரல் அளவு நீல மீன் ஒன்று, புதிதாக வந்த தன் இனத்து மீனை மூன்றே நாளில் வாலைக் கடித்து, துடுப்பைக் கடித்து, கடைசியில் கண்ணைத் தின்றது. தோற்றதை அவள் எடுத்து வெளியே போட்டாள். அன்று ராசு அடித்த அடியில் இடது காது மூன்று நாள் கேட்கவில்லை.

"மீனுக்கு மீனு அடிச்சுக்கிட்டா நான் என்னங்க பண்ணுவேன்?"

"நீ ஊட்டுல எதுக்குடி இருக்கற? வெலக்கி உடோணும்."

எண்பத்து நாலு தை அமாவாசைக்கு முதல் நாள் மாமியார் காளியாத்தாள் டிரம்மைப் பார்த்து முகம் சுளித்தாள். "சமுத்திரத் தீர்த்தத்த இப்பிடிப் பிளாஸ்டிக்குல போட்டு வெக்கறதாக்கும்? செம்புல இருந்தாத்தான சாமி தண்ணி சுத்தமா இருக்கும்."

மயிலம்மாளுக்கும் அது சரியென்றே பட்டது. குடிக்கிற தண்ணீரைச் செம்பில்தானே வைக்கிறோம்? இருவருமாக இரண்டு டிரம்மைப் பெரிய செப்பு அண்டாவில் கவிழ்த்து, மேலே வெள்ளைத் துணி கட்டினார்கள். நாலாம் நாள் அந்தத் தண்ணீரைத் தொட்டியில் விட்டாள்.

செம்பு இறங்கிய உப்புத்தண்ணீர் இறாலுக்கு விஷம் என்று சங்கு குளிப்பவர்களுக்குத் தெரியும். நாமக்கல்லில் யாருக்கும் தெரியாது. மறுநாள் பகலுக்குள் இறால்கள் மல்லாந்து காலை உதறின. ஒன்று துள்ளித் துள்ளிக் கண்ணாடியில் மோதியது. பவளம் சளியாக வழிந்தது. மாலைக்குள் ஆறு இறாலும் போயிற்று. மீன்கள் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து மூடின.

அடுத்த நாள் மத்தியானம் லாரி சத்தம் கேட்டது. காளியாத்தாள் அடுப்படிக்குள் போய் அரிசி புடைக்க ஆரம்பித்தாள்.

ராசு எண்ணினான். எண்ண இறால் ஒன்றும் இல்லை.

"ஏண்டி, எதைக் கொண்டாந்து ஊத்துன?"

"நீங்க கொண்டாந்த தண்ணிதானுங்க. செப்பு அண்டாவுல..."

பெல்ட்டின் பக்கிள் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. தலைமுடியைப் பிடித்து முகத்தைத் தொட்டியோடு சேர்த்து வைத்தான். "பாரு! உன்ற லட்சணத்தப் பாரு!"

"அடிச்சா இறாலுக்கு உசுரு வந்துருங்களா? வருமுன்னா அடிங்க."

அவன் வாசலுக்குப் போய் லாரியின் ஜாக்கி கம்பியோடு திரும்பினான். தலையைக் குறிவைத்து ஓங்கினான். மயிலம்மாள் குனிந்தாள். கம்பி கண்ணாடியில் விழுந்தது.

ஒரு தொட்டிக் கடலும் அவன் மேல் பாய்ந்தது. கால் வழுக்கி, உடைந்த கண்ணாடி மேலேயே உட்கார்ந்தான். இடது தொடையின் உட்பக்கம் கசாப்புக் கடையில் பிளப்பதுபோலப் பிளந்துகொண்டது. ரத்தம் ஒழுகவில்லை, நாடித் துடிப்போடு பீய்ச்சியது.

மயிலம்மாள் முதலில் சுவர் ஓரமாகப் போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். மோட்டாரும் டியூப் லைட்டும் தண்ணீரில் கிடந்தன. பிறகுதான் அவனிடம் வந்தாள். தொடை இடுப்போடு சேரும் இடத்தில் முட்டியை வைத்து, உடம்பின் மொத்தக் கனத்தையும் ஊன்றினாள். பீய்ச்சல் நின்றது.

"மயிலு, உட்டுராத... சாமி, உட்டுராத..."

"ஒண்ணு கேக்கறேன். இனிமே என்ற மேல கை வெப்பீங்களா?"

"மொதல்ல ஆசுபத்திரிக்கு..."

அவள் முட்டியை லேசாகத் தளர்த்தினாள். சுவர் மேல் சிவப்பாகத் தெறித்தது.

"முட்டிய எடுத்துரட்டுங்களா?"

"வெக்க மாட்டேன்! வெக்க மாட்டேன்!"

"சத்தமாச் சொல்லுங்க. டயர் கடை பாய்க்குக் கேக்கோணும்."

அடுத்த கட்டிடத்தில் டயர் ரீட்ரேடிங் கடை வைத்திருந்த பரக்கத் அலி, கண்ணாடி உடைந்த சத்தத்தில் வாசலுக்கே வந்துவிட்டார். "கேட்டுச்சும்மா, நல்லாவே கேட்டுச்சு. வேனை எடுத்தாரேன், அமுக்கிப் புடி."

ஆஸ்பத்திரி வரை அவள் முட்டியை எடுக்கவில்லை. கிழிந்த புருவத்துக்கு அவளுக்கும் நாலு தையல் போட்டார்கள். அவன் உயிர் பிழைத்தான். தொடையில் நரம்பு போயிற்று. இடது கால் கிளட்சை மிதிக்கவில்லை. லாரிக்கு மயிலம்மாளே ஒரு டிரைவரை அமர்த்தினாள். அவனிடம் முதலில் சொன்ன வேலை, வரும்போது ஆறு டிரம் கடல் தண்ணீர். செம்பில் ஊத்தாதீங்க என்று அந்த டிரைவர்தான் தூத்துக்குடியில் கேட்டுவந்து சொன்னான். அதே ஸ்டாண்டில் புதுத் தொட்டி ஏறியது. காளியாத்தாள் அதன் பக்கமே போகவில்லை.

அதற்குப் பிறகு ராசு ஒரே ஒரு முறை கை ஓங்கினான். எண்பத்தேழில், ஒரு மீன் செத்த அன்று. மயிலம்மாள் எழுந்து போய் டயர் கடைப் பக்கத்து ஜன்னலை அகலத் திறந்துவிட்டு வந்து நின்றாள். அவன் கையை இறக்கி, தாங்கித் தாங்கி வெளியே போனான். அவள் செத்த மீனை எடுத்துப் போட்டாள்.