தம்பி சாகாத கொப்பி

பென் டிரைவில் நாடகம் ஏற்றிக் கொடுக்கிற தொழிலில் ஒரு நியாயம் இருக்கிறது: நாடகம் நன்றாக இருந்தால் எடுத்தவனுக்குப் புகழ், மோசமாக இருந்தால் ஏற்றிக் கொடுத்தவளுக்குத் திட்டு.

எங்கள் தீவில், நாரந்தனைச் சந்தியில் என் கடை. போட்டோக் கொப்பி, போன் ரீலோட், நாடகம் ஏற்றுவது. மூலையில் ஒரு டிவியும், என் தம்பி வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போன கேம் மெஷினும். கடை வைத்து நொந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய ஒன்றுமில்லை. வந்தவர் வாங்கியதை வாங்கிக்கொண்டு பேசாமல் போனால் அன்றைக்கு நல்ல நாள்.

இந்த வருசம் என்னை ஆட்டி வைத்தது ஒரு படகு. முதலில் அது கேமாகத்தான் வந்தது. கடல் ஏறி ஊரெல்லாம் தீவாகிவிட்ட ஒரு காலம். ஒரு பெண் படகோட்டி, தொலைந்துபோன தம்பியைத் தேடித் துறை துறையாகப் போகிறாள். விளையாடுகிறவர்தான் அவளை நடத்திக்கொண்டு போக வேண்டும். பிறகு அதையே தொடர் நாடகமாக எடுத்து, தமிழில் குரலும் கொடுத்துவிட்டார்கள். அதன் ஆங்கிலப் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. படகுக் கேம், படகு நாடகம் என்று வைத்துக்கொண்டோம். விளையாடியவர்கள் ஒரு கட்சி, பார்த்தவர்கள் ஒரு கட்சி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் நான்.

குசினிக்குப் போகிற தூரம்

முதல் இடி நெடுந்தீவில் படிப்பிக்கிற ஒரு வாத்தியாரிடமிருந்து வந்தது. பள்ளிக்கூட லீவில் என் கடைக் கதிரையில் இருந்து படகுக் கேமை விளையாடி முடித்தவர். அதில் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போவதென்றால் சும்மா இல்லை. காற்றுப் பார்க்க வேண்டும், சுக்கானைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அலை அடித்தால் திரை முழுக்க ஆடும். பாதி வழியில் அலுத்துப்போய் விட்டால் படகு கவிழ்ந்துவிடும். விளையாட வருகிற பெடியள் அந்த இடத்தைத் திட்டுவார்கள். வாத்தியார் மட்டும் சந்தோசமாக விளையாடினார்.

நாடகத்தை ஏற்றிக்கொண்டு போன பிறகு பென் டிரைவைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். நாடகத்தில் அவள் படகில் ஏறுகிறாள், திரை இருட்டாகிறது, மறுபடி வெளிச்சம் வந்தால் அடுத்த துறையில் இறங்குகிறாள். தலைமயிர்கூடக் கலையவில்லை. நேரத்தைச் சுருக்கத்தானே வேண்டும் சேர், எல்லோருக்கும் உங்களைப்போல லீவு இருக்குமா என்று நாடகத்தின் பக்கம் நின்று பேசிப் பார்த்தேன். கிழமைக்குக் கிழமை குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவு வள்ளம் ஏறுகிற மனிதர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"கேமிலை எண்டால் நெடுந்தீவுக்குப் போறமாதிரி, ஓங்காளிச்சு, வாந்தியெடுத்துத்தான் போய்ச் சேரலாம். உவள் நாடகத்திலை சமைக்கக் குசினிக்குப் போறமாதிரி எல்லோ போறாள்!"

செல்வி அக்காவின் முறைப்பாடு

எதிர்ப்பக்கம் தையல் கடை வைத்திருக்கும் செல்வி அக்கா கேம் விளையாடாதவர். நாடகம் மட்டும்தான். தைத்துக்கொண்டே பார்த்து, கடைசிப் பகுதியில் தம்பி செத்துப்போக, யாருடையதோ கலியாணச் சட்டையின் கையைக் கழுத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டார். இரண்டு நாள் முகம் வீங்கித் திரிந்தார். அதன் பிறகுதான் அவருடைய அக்காவின் மகன், தான் அந்தத் தம்பியைக் காப்பாற்றிவிட்டதாகச் சொல்லியிருக்கிறான்.

அவன் சொன்னது பொய் இல்லை. கேமில் தம்பி சாகலாம், பிழைக்கலாம். நடுவில் ஒரு துறையில் அவனுக்காகக் காத்து நிற்கிறோமா, கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போகிறோமா என்பதைப் பொறுத்தது. நாடகத்தில் அதை எடுத்தவர்களே தீர்மானித்துவிட்டார்கள். இதைச் செல்வி அக்காவுக்கு மூன்று விதமாக விளங்கப்படுத்தினேன். எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, கடையில் ஆட்கள் நிற்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"எங்கடை பெடியனுக்கு மட்டும் உயிரோடை குடுத்திருக்கிறீர். எனக்கும் அந்தத் தம்பி சாகாத கொப்பியை ஏத்தித் தாருமன், நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

தள்ளி நிற்காத பெட்டை

இந்தச் சண்டைகளெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. சிரிக்க முடியாத வாடிக்கையாளர் ஒருவர் இருந்தார். மாத்தறைக்கடை ஐயா.

எங்கள் தீவுகளில் தெற்கே போய் வியாபாரம் செய்தவர்களுக்குக் கடை இருந்த ஊர்தான் பெயர். கடை போனாலும் பெயர் போகாது. ஐயாவின் பலசரக்குக் கடை கலவரத்தோடு போய்விட்டது. அவர் மனைவியையும் சின்னப் பெடியனாயிருந்த ஒரே மகனையும் கூட்டிக்கொண்டு சொந்த ஊர் புளியங்கூடலுக்கு வந்து, வயல் செய்து, அவனை டொக்டராக்க வேண்டுமென்று வெளிநாட்டுக்கு அனுப்பினார். மகன் பாதியில் படிப்பை விட்டுவிட்டுக் கேம் செய்கிற ஒரு கொம்பனியில் படம் கீறப் போய்விட்டான். அன்றிலிருந்து தகப்பன் மகனோடு கதையில்லை. அந்த மகன் வேலை செய்த கேம்தான் இந்தப் படகுக் கேம்.

இதெல்லாம் அவருடைய மனைவி பரமேஸ் அம்மா சொல்லித் தெரியும். ஐயா எதையும் சொல்லவில்லை. வந்தார், பென் டிரைவை நீட்டினார், "அந்தப் படகு நாடகத்தை ஏத்தும்" என்றார். சும்மா ஊரார் பார்க்கிறார்களே, தானும் பார்ப்போம் என்று ஒரு பாவனை. முதல் பகுதியைச் சரியாக ஓடுகிறதா என்று என் டிவியில் போட்டுக் காட்டினேன். கதாநாயகி அழுகிறாள், அலறுகிறாள், ஐயாவின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. கழுத்தை மட்டும் இப்படியும் அப்படியும் நீட்டிக்கொண்டிருந்தார். மகனுடைய வேலை ஆட்களைக் கீறுவதில்லை, அவர்களுக்குப் பின்னால் இருக்கிற வீடு, மதில், கடைகளைக் கீறுவது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"இந்தப் பெட்டை கொஞ்சம் தள்ளி நிண்டாளெண்டால் பின்னாலை என்ன கடையெண்டு பாக்கலாம். எந்த நேரமும் முன்னுக்கே நிக்கிறாள்."

தபால் கந்தோர்

நாடகத்தைக் கடைசிவரை பார்த்துவிட்டு ஐயா பென் டிரைவைத் திருப்பித் தந்தார். "ஒண்டுமில்லை" என்று மட்டும் சொன்னார். எனக்கு அது விளங்கியது. நாடகத்தை ஏதோ குளிர் நாட்டில், உண்மையான தெருக்களில் எடுத்திருந்தார்கள். கதையையும் ஆட்களையும் எடுத்துக்கொண்டு, மகன் கீறிய கல்லையும் கதவையும் விட்டுவிட்டார்கள். வீட்டை விற்கும்போது ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார்களே தவிர மதிலை யார் ஏற்றுவார்கள்?

மறுநாள் பரமேஸ் அம்மா அடையாள அட்டை கொப்பி எடுக்க வந்தார். கொப்பி எடுத்தும் போகவில்லை. "அப்பா பாத்தவரோ, என்ன சொன்னவர்?" என்று மகன் ஒவ்வொரு கிழமையும் கேட்கிறானாம். "அவன்ரை கதை எனக்கென்னத்துக்கு, எனக்கு அவன்ரை நம்பரும் தெரியாது" என்று ஐயா சொல்கிறாராம். ஆவணியில் மகன் வரப் பார்க்கிறான். அப்பா ஒரு வார்த்தை கதைத்தால் வருவான், இல்லாவிட்டால் வரமாட்டான். இவ்வளவு காலம் மறைப்புக்குப் பின்னால் நின்று மகனோடு கதைத்துக் களைத்துப்போன மனுசி, என் கதிரையில் இருந்து குடையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அங்காலை ஒண்டைச் சொல்லி, இஞ்சாலை ஒண்டைச் சொல்லி ஏலாமப் போச்சுப் பிள்ளை. நான் பெத்த தாயோ, தபால் கந்தோரோ எண்டு எனக்கே தெரியேல்லை."

கதைக்குள் போகாத மனிதர்

நான்தான் ஐயாவிடம் சொன்னேன், நாடகத்தில் இல்லாதது கேமில் இருக்கும் என்று. கேமின் றிமோட்டைக் கையில் கொடுத்தேன். மற்றவர்கள் விளையாடிக் காட்டுகிறோம் என்றாலும் விடமாட்டார், தானே செய்ய வேண்டும். படகில் ஏற்றுவதற்குப் பதிலாக அந்தப் பெண்ணைத் தண்ணீருக்குள் இறக்கினார். ஏற்றினால் மறுபடி இறக்கினார். "நாடகம் எண்டால் நான் நித்திரை கொண்டாலும் தன்பாட்டிலை ஓடும். இது நான் நிண்டால் எல்லாம் நிக்குது" என்று குறை வேறு.

ஒருபடியாகக் கரையேறிய பிறகுதான் என் கஷ்டம் தொடங்கியது. தம்பியைத் தேடச் சொல்லி அம்புக்குறி காட்டும். ஐயா அந்தப் பக்கமே போகமாட்டார். ஒழுங்கைக்குள் திருப்புவார். ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் நிற்பார். ஓரிடத்தில் கடல் முருகைக்கல்லில் ஒரு மதில் வந்தது, சாந்து பூசாமல் அடுக்கியது, அசல் நெடுந்தீவு மதில். நான் துள்ளிக் குதித்து, பார்த்தீர்களா ஐயா என்றேன். "மதில் எந்த ஊரிலையும் இருக்கும்" என்றுவிட்டு நடந்தார். பின்னேரம் பின்னேரமாக இது நடந்தது. விளையாடக் காத்திருந்த பெடியள் வாசலில் நின்று பெருமூச்சு விட்டார்கள். எனக்கும் சலித்துவிட்டது. அவர் எதைத் தேடுகிறார் என்று அவருக்கே தெரியாது, கேட்டால் தேடவில்லை என்பார். ஏஎல் பரீட்சைக்குப் படிக்கிற பெடியன் ஒருவன் கடைசியில் வாய்விட்டே சொன்னான்.

"அக்கா, இவர் கதைக்குள்ளை போறாரே இல்லை. தம்பியைத் தேடச் சொன்னால் றோட்டு அளக்கிற ஓவசியர் மாதிரி நிண்டு நிண்டு போறார்."

ஓட்டைப் பலகை

அன்றைக்கு மழை இருட்டு. கடையில் ஐயாவும் நானும் மட்டும். நான் யாருடையதோ காணி உறுதிப் பத்திரத்தைக் கொப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். டிவியில் அடி வைக்கிற சத்தம் நின்றுபோனதைக் கவனித்துத் திரும்பினேன்.

அம்புக்குறிக்கு நேர் எதிர்ப்பக்கம், கதைக்கு ஒரு வேலையும் இல்லாத ஒரு சந்தின் முடிவில் அந்தக் கடை இருந்தது. பழைய பலசரக்குக் கடை. தராசு, சாக்குகள், தொங்குகிற வாழைக்குலை. வாசலுக்குக் கதவு இல்லை. இலக்கம் போட்ட பலகைகள் சுவரில் சாத்தி வைத்திருந்தன. கடை பூட்டும்போது ஒவ்வொன்றாக நிலையில் வெட்டிய தவாளிப்பில் இறக்கி அடைப்பார்களே, அந்தப் பலகைகள். ஐயா அந்தப் பெண்ணை உள்ளே கொண்டுபோனார். அவள் பலகையைத் தூக்கினாள். படகில் ஏற்றத் தெரியாத மனிதர் பலகைகளை ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வரிசையாக இறக்கினார். கடை இருண்டது. ஒரு பலகையில் மட்டும் கண் அளவு ஓட்டை, அதனூடாகத் தெருவின் வெளிச்சம். ஆனால் ஓட்டை கீழே இருந்தது. அவள் குந்தி இருந்துதான் அதனூடாகப் பார்க்க முடிந்தது.

ஐயா நெடுநேரம் அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு றிமோட்டை மடியில் வைத்துவிட்டு, "போனை ஒருக்காத் தாரும்" என்றார். அம்மாவிடம் நம்பர் கேட்கவா என்றேன். தேவையில்லை என்று கையைக் காட்டினார். வெளிநாட்டு நம்பர், முழுவதையும் ஒரு இடத்திலும் யோசிக்காமல் தானே அமத்தினார். அங்கே விடிந்தும் இருக்காது. மறுபக்கம் குரல் கேட்டது. சுகம் கேட்கவில்லை, பெயர் சொல்லவில்லை. இவ்வளவு காலத்துக்குப் பிறகு மாத்தறைக்கடை ஐயா தன் மகனுக்குச் சொன்ன முதல் பேச்சு இதுதான்.

"எடேய், அந்த ஓட்டைப் பலகையைப் பிழையாக் கீறிப்போட்டாய். ஓட்டை மேலை எல்லோ இருந்தது. உனக்கு எட்டாது, நான்தான் உன்னைத் தூக்கித் தூக்கிக் காட்டுறனான்."

நாடகம், கேம் இரண்டையும் ஏற்றி இறக்கிக் களைத்தவள் கண்ட வித்தியாசம் இவ்வளவுதான்: நாடகம் முடிந்தால் ஆட்கள் எழும்பி வீட்டுக்குப் போவார்கள், கேமில் தேடியது கிடைத்த பிறகும் ஐயா பின்னேரம் பின்னேரமாக வந்து, என் கதிரையையும் போனையும் பிடித்துக்கொண்டு, மகனுக்குப் பிழை சொல்லிக்கொண்டிருக்கிறார்.