ரயிலுக்கு ரெண்டு கிலோ கரி

போன ஞாயிற்றுக்கிழமை காலை, என் ரயிலுக்குக் கரி தீர்ந்துவிட்டது.

சிரிக்காதீர்கள். நிஜமாகவே நிலக்கரியில் ஓடும் நீராவி எஞ்சின்... என்ன, முழங்கால் உயரம்தான் இருக்கும். நாமக்கல்லுக்கு வெளியே எங்கள் தென்னந்தோப்பைச் சுற்றித் தண்டவாளம் போட்டிருக்கிறேன். வாராவாரம் குழாய்களுக்குள் பிரஷ் விட்டுக் கரி எடுத்து, சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டு... பல் தேய்த்துவிடாததுதான் குறை. பின்னால் கோத்த பெட்டியில் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர்கள் எல்லாம் ஏறிவிட்டார்கள். ஆறு வருடமாக ஏறாதவர் ஒருவர்தான் – என் மனைவி சாந்தி.

காரணம், தண்ணீர். எங்கள் போர் தண்ணீரை ஊற்றினால் பாய்லருக்குள் உப்பு படிந்துவிடும். அதனால் மழைத் தண்ணீரைப் பிடித்து, எஞ்சினுக்கென்று டிரம்மில் மூடி வைப்பேன். “எனக்குப் போர் தண்ணி, அதுக்கு மழைத் தண்ணிங்களா?” என்பாள்.

இரண்டு மாதத்துக்கு முன் அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன். எல்லாம் சரியாகிவிட்டது, நன்றாக நடக்கலாம் என்கிறார் டாக்டர். இவளோ கட்டிலை விட்டு இறங்குவதே இல்லை. சாப்பாடும் இரண்டு வாய்தான். எனக்குப் பயமாக இருந்தது.

அப்படிப்பட்டவள் சனிக்கிழமை சாயங்காலம், “ஏனுங்க, நாளைக்கு உங்க ரயில்ல ஒரு ரவுண்டு போலாமுங்களா?” என்று கேட்டாள்.

மறுநாள் சாக்கைக் கவிழ்த்தால் வெறும் தூள். இன்று முடியாது என்றால், இன்னொரு முறை கேட்பாளா?

சேலத்தில் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் நண்பர் ஜாபர் பாய் அன்று எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. போன் போட்டேன். மேச்சேரியில் இருப்பதாகச் சொன்னார். வரும்போது ரெண்டு கிலோ கரி வேண்டும், நெல்லிக்காய் அளவுத் துண்டாக இருக்கட்டும் என்றேன். அண்ணிக்கா என்று கேட்டார். ஆமாம், அவளுக்காகத்தான் என்றேன்.

பத்தரை மணிக்கு வந்து பையை நீட்டினார். உள்ளே ஆட்டுக்கறி!

“மேச்சேரி ஆடுண்ணே. அண்ணிக்கு சூப் வச்சுக் குடுங்க, தெம்பு வந்துரும்.”

பள்ளிக்கூடத்தில் சின்ன ‘ர’வுக்கும் பெரிய ‘ற’வுக்கும் எத்தனை அடி வாங்கியிருப்போம்? போனில் எல்லாம் ஒரே ‘ர’தான். விஷயத்தைச் சொன்னதும் பாய் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அப்போது வாசலில் ஒரு சிரிப்புச் சத்தம். தையல் போட்ட இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு சாந்தி நின்றிருந்தாள். தானாக எழுந்து வந்திருக்கிறாள்! சமையலறைக்குப் பின்னால் ஒரு கூடை கொட்டாங்குச்சி கிடக்கிறதே, அது எரியாதா என்று கேட்டாள்.

எரிந்தது. நிலக்கரி மாதிரி நின்று எரியவில்லை. அள்ளி அள்ளிப் போட வேண்டியிருந்தது. பாய் உடைத்து உடைத்துக் கொடுத்தார். பிரஷர் முள் மெல்ல ஏறியது. சாந்தி பெட்டியில் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். தோப்பை ஒரு சுற்று வந்தோம். புகை என்று சொல்லிச் சமாளித்தேன். நிஜத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

“இன்னொரு ரவுண்டு போலாமுங்களா?”

போனோம். கேட்ட கரி வந்திருந்தால், ரயில் மட்டும்தான் ஓடியிருக்கும்...

மத்தியானம் சூப் நான்தான் வைத்தேன் – டிரம்மில் இருந்த மழைத் தண்ணீரில்.