கழுவியும் போகாத வட்டம்

எங்க சித்தப்பாவை எல்லாரும் கொக்கின்னுதான் கூப்பிடுவாங்க. எடை குறையுதுன்னு கத்தின ஒருத்தனைச் சட்டைக் காலரோட தூக்கி, கறி மாட்டற கொக்கியில மாட்டின ஆளு! கோபம் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். ஆனா என்னை ஒரு வார்த்தை அதட்டினதில்லை. எங்க அப்பா என் மேல கை ஓங்கினப்பல்லாம் நடுவுல வந்து நின்னு அடி வாங்கினவரும் அவர்தான்.

நான் முழுகாம இருந்தப்போ டாக்டரம்மா, "உங்க குடும்பத்துல யார் யாரு, எப்படி இறந்தாங்கன்னு வரைஞ்சு கொண்டா"ன்னாங்க. முதல் பிள்ளை வயித்துலயே போயிருந்துச்சு. இதையாவது காப்பாத்தணுமேன்னு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நேரா சித்தப்பா கறிக்கடைக்குப் போனேன்.

சித்தப்பாவுக்குக் காகிதமெல்லாம் ஆகாது. யாருக்கு எவ்வளவு கறின்னு சுவத்து வெள்ளை டைல்ஸ்லதான் மார்க்கரால எழுதுவார். கடை மூடறப்போ ரத்தத்தோட சேர்த்து அதையும் கழுவி விட்டுடுவார்.

"தெரிஞ்சதுலருந்து ஆரம்பி. உன் பிள்ளை கீழே, நீ மேலே, உங்கப்பன் அதுக்கும் மேலே."

ஆளுக்கொரு வட்டம் போட்டோம். அப்பா வட்டத்துக்கும் தன் வட்டத்துக்கும் நடுவுல அவரே இன்னொண்ணு போட்டார்.

"இது யாரு?"

"உன் அத்தை. சின்ன வயசுலயே செத்துட்டா."

எனக்கு ஒரு அத்தை இருந்ததே அன்னைக்குத்தான் தெரியும். எப்படிச் செத்தாங்கன்னு கேட்டேன்.

அந்த நேரம் பார்த்து அப்பா கடைக்குள்ள வந்தார். சுவரைப் பார்த்ததும் முகம் கறுத்துப்போச்சு. ஈரத் துணியை எடுத்து அத்தையோட வட்டத்தை அழிச்சார்.

சித்தப்பா விட்டார் பாருங்க ஒரு குத்து! அப்பா உதடு கிழிஞ்சு ரத்தம் கொட்டுச்சு. அவர் மட்டும் சும்மா இருப்பாரா? கையில கிடைச்ச கத்தியால சித்தப்பா முழங்கைக்குக் கீழே ஒரே இழுப்பு. நான் ஐயோன்னு அலறினேன். சித்தப்பா கண்டுக்கவே இல்லை. அண்ணன் பிடரியைப் பிடிச்சு வெட்டுக்கட்டை மேல அமுக்கி, வெட்டுக்கத்தியை ஓங்கிட்டார். அது அப்பா காதோரம் கட்டையில இறங்குச்சு.

"சொல்லுடா. உன் பொண்ணு கேக்கறா இல்ல?" அண்ணனை அவர் டா போட்டது அன்னைக்குத்தான்.

"மாடிப்படியில வழுக்கி..."

கத்தியைப் பிடுங்கி மறுபடியும் ஓங்கினார்.

"நம்ம அப்பா அடிச்சாரு! சத்தம் வெளியே கேட்டா மானம் போகுமேன்னு நான்தான் கதவை வெளியே தாழ் போட்டேன். போதுமா?"

"உள்ளே நானும் இருந்தேன்டா," சித்தப்பா குரல் உடைஞ்சுபோச்சு. "ஆட்டை அவுத்து விட்டது நான். அடி எனக்கு விழ வேண்டியது. அக்கா குறுக்கே விழுந்தா. அவ பேச்சு மூச்சில்லாம கிடந்தப்போ நான் கதவைத் தட்டு தட்டுன்னு தட்டினேன்."

அப்பா தேம்பித் தேம்பி அழுதார். எனக்குப் பாவமே தோணலை.

சித்தப்பா கையில துணியைச் சுத்திக்கிட்டு, அழிச்ச இடத்துலயே கத்தி முனையால வட்டத்தைக் கீறினார். சாயங்காலம் வாளி வாளியாத் தண்ணி ஊத்தினார். ரத்தம் போச்சு, அப்பா வட்டம் போச்சு, என்னோடதும் போச்சு. அத்தை மட்டும் அப்படியே இருந்தா.

"இனி எவன் அழிக்கிறான்னு பார்க்கறேன்."

காகிதத்துல நானே திரும்ப வரைஞ்சு எடுத்துட்டுப் போனேன். டாக்டரம்மா அத்தை வட்டத்துல விரல் வச்சு, "சின்ன வயசுலயே போயிருக்காங்களே, என்ன வியாதி?"ன்னாங்க.

"அவங்களுக்கு ஒண்ணும் இல்லை டாக்டர். வியாதி எங்க தாத்தாவுக்கு. அப்புறம் எங்க அப்பாவுக்கு. கை நீட்டற வியாதி. என் பிள்ளைக்கும் வருமான்னு பார்த்துச் சொல்லுங்க."