சாக்குமூட்டையில் வந்த ரேஸ் மோட்டார்

எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆவடி ஸ்டேஷன் மேம்பாலப் படிகளில் மாமா ஒரு சாக்குமூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கிவந்தார். சாக்கின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு இரண்டு பித்தளை இதழ்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ரயிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்த கீரைக்கார அம்மா, இறங்கும் வரைக்கும் அது என்ன ஃபேன் என்று கேட்டுக்கொண்டே வந்தாளாம். "ஃபேன் இல்லம்மா, ரேஸ் மோட்டார்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். அவள் நம்பவில்லை. படியடியில் நின்றிருந்த அக்காவும் நானும் அதைப் பார்த்தோம். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் நடக்கத் தொடங்கினாள்.

மாமா என்று நான் சொல்வது என் அக்காவின் கணவரை. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அக்கா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறிய கம்பெனியில், மொபெட்டுகளுக்கான இக்னிஷன் காயில் சுற்றும் வேலையில் இருந்தாள். அதே எஸ்டேட்டில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்ததால் சோளிங்கரிலிருந்து வந்து அவர்களுடைய குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தேன். ஓர் அறை, ஒரு சமையலறை. அடுத்த வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தது ஒரு மெல்லிய சுவர்தான்.

மாமா எண்ணூரில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா அங்கே கழிமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு படகுக் கொட்டகையில் காவல்காரராக இருந்தார். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, தட்டையான சின்னப் படகின் பின்னால் இந்த மோட்டாரை மாட்டி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பறப்பாராம். தன் நாட்டுக்குத் திரும்பியபோது அதைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். கொட்டகை இடிந்த பிறகு அது மாமாவின் அண்ணன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில், வலைகளோடு வலையாகக் கிடந்தது. அண்ணன் வீட்டை இடித்துக் கட்டப்போகிறேன் என்றதும் மாமா போய் எடுத்துவந்துவிட்டார்.

அக்காவின் கோபத்துக்குக் காரணம் மோட்டார் இல்லை. கல்யாணமான சில வருடங்களில் மாமாவின் காது மந்தமாகத் தொடங்கியிருந்தது. காதுக்குள் இருக்கும் சின்ன எலும்பு இறுகிவருகிறது, பரம்பரையாக வருவது என்று டாக்டர் சொன்னார். மாமாவின் அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்ததாம். வீட்டில் அக்கா எது சொன்னாலும் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து வீட்டு அம்மா, "இந்த மாசமும் இல்லையாமே?" என்று பரிதாபமாகக் கேட்டாள். முந்தின நாள் மாலை அக்கா மாமாவிடம் மட்டும் சொன்ன விஷயம் அது, சுவர் வழியாகப் போயிருக்கிறது. அக்கா குடத்தைப் பாதியிலேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றிலிருந்து மாமாவிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். சண்டை ஒன்றும் இல்லை. சாப்பாடு என்றால் தட்டை எடுத்துக் காட்டுவாள், கடைக்குப் போக வேண்டுமென்றால் பையை நீட்டுவாள், அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் மாமாவோடு வேலை செய்யும் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அக்கா காது விஷயத்தைச் சொன்னதும் அவர் ஆச்சரியப்பட்டார். "அண்ணனுக்குக் காது கேக்காதா? மிஷின் ஓடுற சத்தத்துலகூட எங்ககிட்ட நல்லாத்தானே பேசறாரு" என்றார். அவர் போன பிறகு அக்கா சமையலறையில் காபி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். "ஊர்ல எல்லாரும் பேசுறது கேக்குது. நான் பேசுறது மட்டும் கேக்கல. அப்படித்தானே?" என்று என்னிடம் கேட்டாள்.

மோட்டார் பின்கட்டில் ஒரு மரப்பெட்டி மேல் குடியேறியது. இரண்டு சிலிண்டர்கள் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாகப் படுத்திருக்கும். உப்புக்காற்றில் உள்ளே எல்லாம் துருவேறி இறுகிப்போயிருந்தது. மாமா மண்ணெண்ணெயையும் விளக்கெண்ணெயையும் கலந்து ஊற்றி ஊறவைத்தார். தினமும் வேலையிலிருந்து வந்ததும் ஒரு மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டிப் பார்ப்பார். அசையாது. துடைத்துவிட்டு எழுந்துவிடுவார். "இதுக்குள்ள உயிர் கீது பாப்பா, அவசரப்பட்டா ஒடஞ்சிடும்" என்பார் என்னிடம். மழைக்காலம் போய் வெயில் வந்தபோது ஒருநாள் பிஸ்டன் நகர்ந்தது. அவர் உள்ளே வந்து, கரியான கைகளோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார். அக்கா சோப்பை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

பிஸ்டன் வளையங்களை அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் செய்துவாங்கினார். தேய்ந்ததை மாற்றி, ஒடிந்ததைப் பற்றவைத்து, எல்லாம் கூடிவந்த பிறகுதான் தெரிந்தது, மோட்டாருக்குத் தீப்பொறி தரும் காயில் செத்துப்போயிருந்தது என்று. அதை அந்தக் காலத்து வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து யார் கொண்டுவருவது? மாமா சென்னையின் பழைய இரும்புக்கடைகளில் அலைந்து வெறுங்கையோடு வந்தார். கருகிய அந்தக் காயில் கொஞ்ச நாள் ஜன்னலில் கிடந்தது.

ஒரு மாலை அக்கா அதைக் கையிலெடுத்து, பிளேடால் கீறி, மேல்துணியை உரித்தாள். முடியைவிட மெல்லிய செம்புக்கம்பி சுற்றுச் சுற்றாக வந்தது. உரித்து முடிக்கும்வரை அவள் நிமிரவில்லை. மறுநாள் கம்பெனியில் சூப்பர்வைசரைக் கேட்டு மிச்சக் கம்பி ஒரு உருளை கொண்டுவந்தாள். வீட்டிலிருந்த தையல் மிஷினைக் காட்டி, சக்கரத்தைக் காட்டி, விரலால் சுற்றிக் காட்டினாள். மாமாவுக்குப் புரிந்துவிட்டது. சக்கரத்தின் பக்கத்தில், கம்பி சுற்றுவதற்கு ஓர் இரும்புக் கதிர் பொருத்திக்கொடுத்தார்.

அந்தக் கோடையில் அவர்கள் காயில் சுற்றியதை நான் மறக்கவே முடியாது. காற்றடித்தால் கம்பி அறுந்துவிடும் என்று ஜன்னலை அடைத்து, ஃபேனையும் நிறுத்திவிடுவாள். மாமா மிஷினை மெல்ல மிதிப்பார். அக்கா கம்பியை இரண்டு விரல்களுக்கு நடுவில் வழியவிடுவாள். கம்பி அறுந்தால் விரலைத் தூக்குவாள், அவர் காலை நிறுத்துவார். கழுத்திலிருந்து வியர்வை வழிய, வேறு எதையும் பார்க்காமல் அவர் அவளுடைய விரலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

முதல் காயிலை மாட்டி, பின்கட்டில் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மோட்டாரை இறக்கி, கயிறு சுற்றி இழுத்தார். சைலன்சர் இல்லாத ரேஸ் மோட்டார் அது. வெடித்துக் கிளம்பிய சத்தத்தில் குவார்ட்டர்ஸ் மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது. சூடேறியதும் காயில் உருகி மோட்டார் நின்றது. பக்கத்து வீட்டு அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "இன்னா சத்தம்மா இது, ஊடே இடிஞ்சு விழுந்துடும் போல" என்றாள். இனி இங்கே அதை ஓட்டக்கூடாது என்று எல்லாருமாகச் சொல்லிவிட்டார்கள். அக்கா ஜன்னலை அடைத்து இரண்டாவது காயிலை ஆரம்பித்தாள். இந்தமுறை அடுக்குக்கு அடுக்கு எண்ணெய்த் தாள் வைத்துச் சுற்றினாள்.

ஐப்பசி மழையில் பருத்திப்பட்டு ஏரி நிரம்பியிருந்தது. அங்கே மீன் பிடிக்கும் ஒருவர் படகைத் தர ஒப்புக்கொண்டார். மாமா பின்பலகையில் கட்டைகளை வைத்து முடுக்கி மோட்டாரை மாட்டினார். அக்காவுக்குத் தண்ணீர் என்றால் பயம். கரையில் நிற்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "என் காயில், நான் வரேன்" என்று ஏறிவிட்டாள். நானும் ஏறி முன்பக்கம் உட்கார்ந்துகொண்டேன்.

கயிறு இழுத்ததும் பிடித்துக்கொண்டது. கொக்குகள் மொத்தமாக எழும்பிப் பறந்தன. விளக்கெண்ணெய் கருகும் வாசனை, நீலப் புகை, உட்கார்ந்திருந்த பலகை வழியாகப் பல்வரைக்கும் ஏறிய அதிர்வு. ரேஸ் மோட்டார் என்றாலும் மீன்படகை இழுத்துக்கொண்டு எவ்வளவு வேகம் போய்விடும்? ஆனால் மாமாவின் முகத்தில் எண்ணூர் இருந்தது. ஏரியின் நடுவில் அக்கா பயத்தில் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"யோவ்! மெதுவா போய்யா!"

மாமா சட்டென்று திரும்பினார். "மெதுவாத்தானே போறேன்!" என்றார்.

அக்கா அவரையே பார்த்தாள். "நான் சொல்றது கேக்குதா?"

"கேக்குதே! நல்லா கேக்குது. இந்த மாதிரி இரைச்சல்லதான் எனக்குக் கேக்குது. சும்மா இருக்கிற ஊட்டுக்குள்ளதான் ஒண்ணும் வெளங்கல. சொன்னா யாரு நம்புவாங்க?"

பிறகு அக்கா அவருடைய காதோரம் குனிந்து பேசத் தொடங்கினாள். மோட்டார் சத்தத்தில் முன்பக்கம் இருந்த எனக்கு ஒரு வார்த்தைகூட எட்டவில்லை. உதடுகள் அசைவதும், அவர் தலையாட்டுவதும், ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டதும் தெரிந்தன. நான் தண்ணீரைப் பார்த்தபடி திரும்பி உட்கார்ந்துகொண்டேன். பெட்ரோல் தீரும்வரை மாமா படகை ஏரியில் வட்டமடித்துக்கொண்டே இருந்தார்.

அந்த வகைக் காதுக்கோளாறில் அப்படி உண்டு, இரைச்சலுக்கு நடுவில் பேச்சு தெளிவாகக் கேட்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். அடுத்த வாரமே இருவரும் சேர்ந்து வேறொரு டாக்டரிடமும் போனார்கள். அதை அக்கா பேச்சுவாக்கில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மகள் பிறக்க இன்னும் சில வருடங்கள் ஆயின. இப்போது அவர்கள் அந்த மகளோடு திருமழிசையில் இருக்கிறார்கள். மாமாவின் காதில் கருவி இருக்கிறது. பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி நடைபாதை வந்துவிட்டது, காலையில் ஆட்கள் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள். மோட்டார் எண்ணூருக்கே, அண்ணன் மகனிடம் போய்விட்டது.

இதற்கெல்லாம் முன்பு, எனக்குக் கல்யாணமாகி அம்பத்தூரில் குடியிருந்தபோது, ஒரு ஞாயிறு மாலை ஸ்டேஷனில் நின்றிருந்தேன். பட்டாபிராமிலிருந்து வந்த வண்டியில், வாசலை ஒட்டிய இருக்கையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன். "எங்கயும் இல்ல. சும்மா, சென்ட்ரல் வரைக்கும் போயிட்டு வரோம்" என்றாள் அக்கா. வண்டி கிளம்பிச் சக்கரங்களின் சத்தம் ஏறியதும், அவள் மாமாவின் பக்கம் சாய்ந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள்.