கம்பியோடு கேட்ட சிபாரிசு

"போன்ல தேடுனா மொதப் பக்கத்துல என் கடை வரலேன்னா, ஒன் ரெண்டு காலும் இருக்காதுவே" என்றார் அண்ணாச்சி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் கடை போட்டவர். சொல்லும்போது கையில் ஒரு முறுக்குக் கம்பி. இரும்புக் கடைக்காரர் கையில் கம்பி இல்லாமல் கரும்பா இருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். நாற்காலியை மட்டும் ஓரடி பின்னுக்கு நகர்த்தினேன்.

எம்.கே.பி. நகரில் ஒற்றை அறையில் உட்கார்ந்து கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுப்பது என் பிழைப்பு. யாராவது போனில் தேடினால் அந்தக் கடை மேலே வரும்படி செய்வதும் அதில் சேர்த்தி. ஐம்பதை நெருங்கும் வயது, முன்னால் நடக்கும் தொந்தி, ஓடத் தெரியாத உடம்பு. இப்படிப்பட்டவன் காலைப் பணயம் வைத்து வேலை எடுத்திருக்கக் கூடாது.

கடையை மேலே கொண்டுவரும் பாடத்தை எளிதாகத்தான் ஆரம்பித்தேன். "அண்ணாச்சி, 'தரமான எஃகுப் பொருட்கள்'னு எழுதி வெச்சிகீறீங்க. வூடு கட்றவன் 'கம்பி இன்னா விலை'ன்னுதான் தேடுவான். அவன் கேக்குற வார்த்தை நம்ம பக்கத்துல இருக்கணும்."

"அப்பம் கம்பி, கம்பின்னு நூறு தடவ போடு."

"அப்டி போட்டா ஏமாத்துறோம்னு, போன்ல தேடிக் குடுக்குற மிஷினு தெரிஞ்சிக்கும். கீழ தள்ளிடும்."

"என்னயவா? எவம்லே அவன்?" கம்பி மேசையில் இறங்கியது. டீ கிளாஸ் சிதறி ஒரு சில்லு என் காதை உரசிப் போனது.

பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. உளறினேன்: "இந்த மார்க்கெட்டுல ஒரு கடைல சைஸ் இல்லேன்னா, 'அங்க போய் கேளு'ன்னு வேற கடைய கை காட்டுறாங்கல்ல? அதேதான். மத்த கடைக்காரங்க அவங்க பக்கத்துல நம்ம பக்கத்துக்கு ஒரு இணைப்பு குடுத்தா, 'நாலு பேரு இவர சொல்றாங்க, நம்பலாம்'னு நம்மள மேல ஏத்திடும்."

அண்ணாச்சி முகம் மலர்ந்தது. சந்தையில் அவர் கை வைக்காத கடை கிடையாது, ஆகவே அவரைக் கை காட்டும் கடையும் கிடையாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன்.

"வாங்கலே" என்று இரண்டு லோடுமேன்களைக் கூப்பிட்டார். என் சட்டைக் காலரைப் பிடித்து எதிர்க்கடைக்கு இழுத்துப் போனார். "இவன் சொல்லுறத ஒன் பக்கத்துல போடு. என் கடைய கை காட்டு."

எதிர்க்கடைக்காரர் திருவொற்றியூர்க்காரர். நிதானமாக எழுந்தார். "என் ஆளு மண்டைய ஒடச்சியே, அத்த போடட்டா? போட்டோவோட கீது."

அண்ணாச்சியின் கம்பி அவர் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் அதே வேகத்தில் தலையால் முட்ட, அண்ணாச்சியின் மூக்கு பிளந்து வெள்ளைச் சட்டை சிவப்பானது. பிறகு யார் யாரை அடிக்கிறார்கள் என்றே புரியவில்லை. ஒருவன் ஷட்டரில் மோதிச் சரிந்தான். ஒருவன் தரையில் தன் பல்லைத் தேடிக்கொண்டிருந்தான். நான் குழாய் அடுக்குகளுக்கு நடுவில் புகுந்தேன். தலை போனது, தொந்தி போகவில்லை.

அந்த நிலையிலும் பாடத்தை முடித்தேன். "அண்ணாச்சி! அடிச்சி வாங்குனா செல்லாது! அவங்களா இஷ்டப்பட்டு குடுக்கணும்!" பாடத்திலேயே முக்கியமான இடம் அதுதான். அதைத்தான் குழாய்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எதிர்க்கடைக்காரர் ரத்தத்தைத் துப்பினார். "எவன்டா இந்த ரோசனைய குடுத்தது?"

சண்டை நின்றது. அண்ணாச்சி என்னைக் கை காட்டினார். லோடுமேன்கள் காட்டினார்கள். பல்லைத் தேடியவனும் குனிந்தபடியே காட்டினான். அத்தனை பேர் காட்டினால் யாராக இருந்தாலும் நம்பத்தான் செய்வார்கள்.

"வெளிய வா, வாத்தியாரே" என்று எதிர்க்கடைக்காரர் என்னை உருவி எடுத்தார். இடது முழங்காலுக்குக் கீழே ஒரே அடி.

மாவுக்கட்டோடு படுத்திருந்தபோது அண்ணாச்சி போனில் வந்தார். மூக்கில் பஞ்சு வைத்த குரல். "அவன் ஒடச்சது அவன் கணக்கு. எனக்கு ரெண்டு காலும் அப்படியே பாக்கி கெடக்குவே. பக்கம் எப்பம் மேல வரும்?"

வலது காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன். லேப்டாப்பை வயிற்றில் வைத்து, 'தரமான எஃகுப் பொருட்கள்' என்பதை அழித்துவிட்டு, 'இன்றைய கம்பி விலை' என்று தட்டினேன். ஒரே ஒரு தடவை.