பின்பக்கத்து நங்கூரம்

எங்கள் ஆம்பூரில் அந்தக் காலத்தில் படகைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. ஆறு இருந்தது, அதற்குப் பாலாறு என்று பெயரும் இருந்தது. ஆனால் நான் பார்த்த வரையில் அதில் மாட்டுவண்டியும் கழுதையும்தான் போய்வந்தன. மழைக்காலத்தில் என்றாவது வெள்ளம் வரும். ஊரே கரைக்கு ஓடும். சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போய்ப் பார்த்தால் அது போய்விட்டிருக்கும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த என் அக்காவைப் படகு வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

காரணம் சுண்ணாம்புதான். எங்கள் அப்பாவை நைனா என்போம். அவர் காளவாய் போட்டுக் கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு விற்றுவந்தார். ஊரைச் சுற்றித் தோல் ஷாப்புகள். ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டால்தான் மயிர் கழலும். அதனால் நைனாவின் காளவாய் அணைந்ததே இல்லை. கிளிஞ்சலோ பாலாறு கடலில் கலக்கும் இடத்திலிருந்து வர வேண்டும். அங்கே கிளிஞ்சல் வாரிக்கொண்டிருந்தவர்களும் எங்கள் ஜனம். கொடுக்கல் வாங்கல் சம்பந்தத்தில் முடிந்தது. அக்கா ரயிலேறிப் போனாள்.

ஒரு வருஷம் கழித்து அக்காவுக்கு ஏழாம் மாசம் என்று சேதி வந்தது. தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர நைனா கிளம்பினார். நானும் போவேன் என்று அழுது அடம் பிடித்தேன். எனக்கு எட்டு வயசு இருக்கும். சேதி கொண்டுவந்த ஆள் இன்னொன்றும் சொல்லியிருந்தான். அக்காவுக்கு நம் ஆற்று மணலில் தோண்டின ஊற்றுத் தண்ணீர் குடிக்க வேண்டும் போலிருக்கிறதாம். அம்மா அன்று சாயங்காலமே ஆற்றுக்குப் போய் ஒரு பித்தளைத் தவலை நிறையக் கொண்டுவந்து, வாயைத் துணியால் கட்டினாள். பக்கத்து வீட்டு பீபி, தூரம் ஜாஸ்தி, தண்ணீர் கெட்டுவிடும் என்று சொல்லி ஒரு பிடி வெட்டிவேரைப் போட்டாள். ரயிலில் நைனா அந்தத் தவலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். காட்பாடியில் ஏறிய ஒரு பெரியவர் இது எந்தக் கோயில் தீர்த்தம் என்று கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

செங்கல்பட்டில் இறங்கி, வண்டி பிடித்து, மறுநாள் முகத்துவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். இதுதான் நம்ம ஆறு என்று நைனா காட்டினார். நான் நம்பவில்லை. அக்கரை எங்கேயோ தெரிந்தது. நடுவில் பச்சைத் தண்ணீர். அதைவிட ஆச்சரியம், அது கடலை விட்டு ஊரைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

"நைனா, ஆறு பின்னால நடக்குது!" என்றேன்.

கரையில் காத்திருந்த அக்கா வீட்டுக்காரர் சிரித்தார். உயரமான மனிதர். பேச்சு கம்மி. அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். கடல் ஏறும்போது தண்ணீர் இப்படி உள்ளே வரும், இறங்கும்போது மறுபடி வெளியே போகும், தினமும் இதே வேலை என்று அவர் சொன்னார்.

அக்கா படகில் இருந்தாள். கிளிஞ்சல் வாரும் மாசங்களில் அவர்கள் குடித்தனமே படகில்தான். மாமாவுக்குத் தாய் இல்லை. பிள்ளைத்தாய்ச்சியைக் கரைக் குடிசையில் தனியே விட அவருக்கு மனசில்லை. படகு ஆற்றின் நடுவே நின்றது. அதன் மேல் பாய்க்கூண்டு, கூண்டுக்குப் பின்பக்கம் மட்டும் வாசல். படகின் முன்பக்கம் ஒரு பெரிய நங்கூரம், பின்பக்கம் ஒரு சின்ன நங்கூரம், இரண்டையும் இறக்கிக் கயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அக்கம்பக்கத்துப் படகுகளும் அப்படித்தான் நின்றன. ஒரே நங்கூரம் போட்டால் தண்ணீர் திரும்பும்போதெல்லாம் படகும் கூடவே சுற்றும், கயிறு நங்கூரத்தைச் சுற்றிக்கொண்டால் அதையே பிடுங்கி எடுத்துவிடும் என்று மாமா நைனாவுக்கு விளக்கினார். நைனா பெரிதாகத் தலையாட்டினார். அவர் அப்போது படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். எதைச் சொன்னாலும் தலையாட்டியிருப்பார்.

அக்கா தவலைத் துணியை அவிழ்த்து ஒரு சொம்பு மொண்டு குடித்தாள். தண்ணீர் நன்றாக இருந்ததா இல்லையா என்று சொல்லவில்லை. இன்னொரு சொம்பு குடித்தாள். பிறகு, ஊற்றில் இப்போது எத்தனை ஆழம் தோண்டினால் தண்ணீர் வருகிறது, கரையோரத்துப் புளியமரம் காய்த்திருக்கிறதா, பீபி வீட்டு வெள்ளாடு குட்டி போட்டதா என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆடு குட்டி போட்டதை இரண்டு தரம் சொல்லச் சொன்னாள்.

மறுநாள் காலை தண்ணீர் ஏறத் தொடங்கும் நேரம். வாரி வைத்த கிளிஞ்சலைச் சின்னத் தோணியில் ஏற்றிக்கொண்டு மாமா கரைக்குப் புறப்பட்டார். சரக்கைப் பார்க்க நைனாவும் கூடப் போனார். அவர்கள் தலை மறைந்ததும் அக்கா எழுந்து பின்பக்கம் போனாள். தண்ணீர் போவதா வருவதா என்று நின்று யோசிக்கும் வேளை அது. கயிறு தளர்ந்து கிடந்தது. அவள் உட்கார்ந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். சேறு வழிய நங்கூரம் மேலே வந்தது. அதைப் படகுக்குள் சாய்த்து வைத்துவிட்டு, மூச்சு வாங்க, என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"இப்பப் பாரு."

கடல் தண்ணீர் உள்ளே வந்தது. படகு மெல்ல, யாரோ தோளைத் தொட்டுத் திருப்பியதுபோல, சுற்ற ஆரம்பித்தது. அதுவரை வாசலில் கடல்தான் தெரிந்துகொண்டிருந்தது, வேறு ஒன்றும் இல்லை. இப்போது கடல் நகர்ந்தது, மணல்மேடு வந்தது, பனைமரங்கள் வந்தன, அப்புறம் ஆறு நீளமாக மேற்கே போவது தெரிந்தது. ஆற்றின் கடைசியில் வெயிலில் எல்லாம் வெள்ளையாக இருந்தது.

"அப்டியே நேரா போனா நம்ம வூடு" என்றாள் அக்கா.

எனக்கு வீடு தெரியவில்லை. ஆனாலும் தெரிகிறது என்று சொன்னேன். அவள் என் தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். யார் யார் ஆற்றுக்கு இந்நேரம் தண்ணீருக்கு வந்திருப்பார்கள், யார் குடத்தை யார் தூக்கிவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வெயிலும் அலையாட்டமும் சேர்ந்து இரண்டு பேருமே தூங்கிப்போனோம்.

என்னை எழுப்பியது கூச்சல். கண்ணைத் திறந்தேன். வாசலில் மறுபடி கடல். முன்னைவிடப் பெரிய கடல். தண்ணீர் எப்போதோ திரும்பி வெளியே ஓடிக்கொண்டிருந்தது. படகு சுற்றிய சுற்றில் கயிறு மாட்டி முன் நங்கூரத்தைப் பெயர்த்துவிட்டிருந்தது. பக்கத்துப் படகுக்காரர்கள் கையை வீசிக் கத்திக்கொண்டே பின்னால் போனார்கள். அவர்கள் போகவில்லை, நாங்கள்தான் போகிறோம் என்று எனக்குத் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. முகத்துவாரத்தில் அலை வெள்ளையாக உடைவது தெரிந்தது.

அக்கா அழவில்லை. "புடி!" என்றாள். சின்ன நங்கூரத்தை நான் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் பிடித்துத் தள்ளினோம். அது விழுந்தது. கயிறு சரசரவென்று ஓடியது. ஓடி முடிந்து விறைத்தது. படகு ஒரு குலுக்குக் குலுக்கி, நழுவி, மறுபடி குலுக்கி, பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. தவலை கவிழ்ந்து தண்ணீரெல்லாம் பலகையில் ஓடியது.

மாமா நீந்தியே வந்து சேர்ந்தார். விளிம்பைப் பிடித்து ஏறி, முதலில் அக்காவின் முகத்தைப் பார்த்தார், அப்புறம் என்னை, அப்புறம் சேறு அப்பிய அவள் கைகளை. தோணியில் பின்னாலேயே நைனா வந்துவிட்டார். வரும்போதே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்.

"இன்னா படகு கட்ற நீ? ரெண்டு உசுரு உள்ள இருக்குது!"

"என் தப்புதான் மாமா. அவசரத்துல பின்நங்கூரத்தப் போடாமப் போய்ட்டேன்" என்றார் அக்கா வீட்டுக்காரர்.

அது பொய் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அப்போதுதான் அவள் அழுதாள். இத்தனை நேரம் பயப்படாதவள் ஆபத்து தீர்ந்த பிறகு ஏன் அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. நைனா, பயந்துவிட்டாள் பாவம் என்று சொல்லி, அன்று சாயங்காலமே எங்களைக் கரையேற்றினார். வழியெல்லாம் மருமகனைத் திட்டிக்கொண்டே வந்தார். அக்கா கையில் காய்ந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே வந்தாள்.

ஆம்பூரில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையைப் பார்க்க மாமா வந்தார். நைனா அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமாவுக்கு எங்கள் ஊர் ஒத்துக்கொள்ளவே இல்லை. தோல் ஷாப்பு நாற்றத்தில் சோறு இறங்கவில்லை. காளவாய்ப் புகையில் கண் சிவந்தது. விடிந்ததும் ஆற்றுக்குப் போவார். மணலில் நின்றுகொண்டு மேலும் கீழும் பார்ப்பார். தண்ணீரைத் தேடும் படகுக்கார மாப்பிள்ளை என்று தெருவில் எல்லாரும் கேலி செய்தார்கள். அவரும் கூடவே சிரித்துவிட்டுப் போவார்.

ஒரு மத்தியானம் நைனா காளவாயில் இருந்தார், அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். நான் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தேன். நான் ஒருத்தி இருப்பதை அவர்கள் இருவரும் கணக்கில் வைக்கவில்லை.

"படகை வித்துட்றேன்" என்றார் மாமா. "உங்க நைனாகிட்ட காளவாய்ல நின்னுக்கறேன். நாம இங்கயே இருந்துடலாம்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"தெனம் வந்து பாத்தா பின்கயிறு ஈரமா, சேறா இருக்கும். நான் கரைக்குப் போனப்புறம் நீ நங்கூரத்தத் தூக்கறது எனக்குத் தெரியாதா? நீ சொல்லுவன்னு இருந்தேன். சொல்லல. நானும் கேக்கல. கேட்டிருக்கணும்."

எனக்குத் தூளியை விட்டுவிட்டுக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அக்கா இனிமேல் இங்கேயே! ஆனால் அக்கா இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"வேணாம்."

"ஏன்?"

"இங்க இருந்துக்கினு இன்னா பண்ணுவீங்க? தெனம் காலைல போயி அந்த மணல்ல நிப்பீங்க. அந்தப் பாடு இன்னான்னு எனக்குத் தெரியும். நான் ஒருத்தி பட்டது போதும்."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா எழுந்து அவருக்குச் சோறு போடப் போனாள்.

ஐந்தாம் மாசம் அனுப்பலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா மூன்றாம் மாசமே மாமாவோடு கிளம்பிவிட்டாள். வண்டியில் ஏறும்போது நைனா கூட மருமகன் கையில் குழந்தையைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா வண்டி தெருமுனை திரும்பும் வரை நின்று, உள்ளே வந்து, அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குச் சமமாக அழுதேன். அக்கா தூரத்துக்குப் போகிறாளே என்று அம்மா அழுதாள். இங்கேயே இருக்கலாம் என்று சொன்ன பிறகும் வேண்டாம் என்றாளே, அவளுக்கு எங்களைப் பிடிக்காமல் போய்விட்டதே என்று நான் அழுதேன்.