கண் கூசாத விளக்கு

காளவாசலில் பொழுது சாய்கிறது. என்னை ஏற்றி வந்த லாரி ஒரு பட்டறை முன்னால் நிற்கிறது. கொடைக்கானல் மலைப்பாதையின் பனிமூட்டத்துக்காக டிரைவர் முத்தையா பம்பருக்கு மேலே இரண்டு மஞ்சள் விளக்குகளை மாட்டியிருக்கிறார். எரியும் விளக்குகளுக்கு எதிரே சற்றுத் தள்ளி அவருடைய தம்பி ஊன்றுகோலோடு நிற்கிறார்.

"கண்ணு கூசுதாடா?"

"கூசுதுண்ணே. இன்னும் கொஞ்சம் எறக்குங்க."

முத்தையா குத்தவைத்து, ஸ்பேனரால் விளக்குகளைத் தாழ்த்துகிறார்.

"தூரம் தெரிய வேண்டாமாண்ணே?" என்று கேட்கிறேன்.

"எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதுமா? இவன் சைக்கிள்ல வாரப்ப, எதுத்தாப்புல வந்த லாரி வெளிச்சத்துல கண்ணு தெரியாம பாலத்துலருந்து விழுந்துட்டான். காலே போச்சு."

அவர் மறுபடியும் திருகுகிறார். தம்பி கண்ணை மறைத்திருந்த கையை மெல்ல எடுக்கிறார்.

"போதும்ணே. இப்ப ஒங்க மொகம் தெரியுது."